காலி அறையும் கிடைக்காத அறையும்

பொங்கல் நாடக ஒத்திகைக்கோ பட்டிமன்றப் பயிற்சிக்கோ பல்கலைக்கழக வளாகத்தில் ஓர் அறை தேடிய மாணவர்கள் சொல்வது ஒன்றுதான்: "எல்லாமே புக் ஆகிவிட்டது." ஆனால் நடந்து பார்த்தால் ஏர்கான் ஓடிக்கொண்டிருக்க, ஆளே இல்லாத வகுப்பறைகள் கண்ணில் படும். சிங்கப்பூர் மாதிரி நிலம் பொன்னாக இருக்கும் ஊரில் இது எப்படி?

இடத் திட்டமிடுவோர் இதற்கு இரண்டு விகிதங்களைப் பெருக்கிப் பார்ப்பார்கள். 100 இருக்கை கொண்ட ஓர் அறை வாரம் 40 மணி நேரம் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 24 மணி நேரம் வகுப்பு நடக்கிறது: 60 விழுக்காடு. ஒவ்வொரு வகுப்பிலும் சராசரியாக 45 பேர் உட்காருகிறார்கள்: 45 விழுக்காடு. பெருக்கினால் 27 விழுக்காடுதான் உண்மையான பயன்பாடு. பாதிக்கு மேல் நிறைந்ததாகத் தெரிந்த அறை, கால்வாசிக்குச் சற்று மேலேதான் பயன்பட்டிருக்கிறது.

அப்போ காலி நேரத்தை நிரப்பிவிடலாமே? அங்கேதான் சிக்கல். ஒவ்வொரு வகுப்பையும் ஒரு புள்ளியாக வரையுங்கள். ஒரு மாணவராவது இரண்டு வகுப்பிலும் இருந்தால் அந்தப் புள்ளிகளைக் கோட்டால் இணையுங்கள். இப்போது கோட்டால் இணைந்த இரண்டு புள்ளிகளுக்கு ஒரே நிறம் வராமல் வண்ணம் தீட்ட வேண்டும். ஒரு நிறம் என்பது ஒரு நேரம். கணிதத்தில் இதற்கு வரைபட வண்ணமிடல் என்று பெயர். புள்ளிகள் பெருகப் பெருக, மிகச் சிறந்த விடையைக் கண்டுபிடிப்பது கணினிக்கே பெரும்பாடு. 'பரவாயில்லை' என்ற அளவில் நிறுத்திக்கொள்வார்கள். இது போதாதென்று அறையின் அளவும் தூரமும் சேர்கின்றன. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கெண்ட் ரிட்ஜ் வளாகத்தில் ஒரு வகுப்பு, விரைவுச்சாலைக்கு அந்தப் பக்கம் யூடவுனில் அடுத்தது என்றால், ஷட்டில் பஸ் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். திங்கள் காலை 8 மணி வகுப்பை யாரும் விரும்புவதில்லை என்பது தனிக் கதை.

சில நேரம் கட்டடத்தையே மாற்ற வேண்டியிருக்கும். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2015இல் திறந்த 'தி ஹைவ்' கட்டடத்தில் 56 சிறு அறைகள் இருக்கின்றன. குழுவாக உட்கார்ந்து பேசிப் படிக்க ஏற்றவை. மாபெரும் விரிவுரை மண்டபத்தில் 20 பேர் உட்காருவதைவிட இது எவ்வளவோ மேல்.

புக் செய்துவிட்டு வராதவர்களைப் பிடிப்பது எப்படி? மனிதர்கள் விடும் மூச்சால் அறையில் கரியமில வாயு கூடும். அதை உணரும் கருவி, ஆள் இருக்கிறாரா இல்லையா என்று கணித்துவிடும். உணவங்காடியில் டிஷ்யூ வைத்து 'சோப்' செய்து இடம் பிடிப்பதைப்போல நாற்காலியில் பையை வைத்துவிட்டுப் போனால் இந்தக் கருவியிடம் எடுபடாது. பை மூச்சு விடாது.