உடைந்த காலுக்கு என்ன எடை?

"காயங்களால் ஆண்டுக்கு இத்தனை பேர் சாகிறார்கள் என்று எழுதுகிறீர்கள், சரி. பிழைத்தவர்களின் கணக்கு எங்கே?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. சாலை, தீ, நீர், தவறி விழுதல், தாக்குதல், தற்கொலை எல்லாம் சேர்த்து, உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி காயங்களால் இறப்போர் ஆண்டுக்குச் சுமார் 44 லட்சம். இந்தக் கணக்கில் 90 வயதில் வழுக்கி விழுந்து இறந்தவரும் ஒன்று, 20 வயதில் லாரியில் அடிபட்டு இறந்தவரும் ஒன்று. காலை இழந்து உயிரோடு இருப்பவர் பூஜ்யம்.

1990களின் தொடக்கத்தில் சுகாதார ஆய்வாளர்கள் கிறிஸ்டோபர் முர்ரேயும் ஆலன் லோபஸும் இதற்கு மாற்றாக ஓர் அளவையை உருவாக்கினார்கள். அதன் பெயர் டாலி (DALY), அதாவது இயலாமையையும் சேர்த்துக் கணக்கிட்ட வாழ்நாள் ஆண்டு. உலக வங்கியின் 1993 அறிக்கையால் பிரபலமானது. இது ஆட்களை எண்ணுவதில்லை, இழந்த ஆண்டுகளை எண்ணுகிறது. இறந்தவர் கணக்கு சுலபம். இந்த அளவையைக் கொண்டு உலக நோய்ச் சுமையைக் கணக்கிட்ட 2010 ஆய்வு, பிறக்கும்போது எதிர்பார்க்கக்கூடிய ஆயுளை 86 ஆண்டு என்று வைத்துக்கொண்டது. அதன்படி 20 வயதில் இறந்தவர் இழந்தது சுமார் 66 ஆண்டு. பிழைத்தவருக்கோ, அந்த நிலையில் அவர் வாழும் ஆண்டுகளை ஓர் 'இயலாமை எடை'யால் பெருக்க வேண்டும். முழு ஆரோக்கியம் 0, மரணம் 1, மற்றதெல்லாம் நடுவில்.

அந்த எடையை யார் சொல்வது? ஆரம்பத்தில் மருத்துவ நிபுணர்கள் கூடி உட்கார்ந்து முடிவு செய்தார்கள். 2010 ஆய்வு பொதுமக்களிடம் போனது. வங்கதேசம், இந்தோனேசியா, பெரு, தான்சானியா, அமெரிக்கா ஆகிய நாடுகளிலும், அப்புறம் இணையத்திலுமாகச் சுமார் 30,000 பேர் பதில் சொன்னார்கள். அவர்கள் யாரிடமும் எடை கேட்கவில்லை. இரண்டு பேரின் நிலையை எளிய சொற்களில் விவரித்துவிட்டு, "இவர்களில் யார் அதிக ஆரோக்கியமானவர்?" என்று மட்டும் கேட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். எண்ணே இல்லாத பதில்களிலிருந்து எண் எப்படி வரும்? கையில் இரண்டு கற்களைக் கொடுத்து எது கனம் என்று கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கூழாங்கல், மற்றது அம்மிக்கல் என்றால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். வித்தியாசம் பெரிது என்பதற்கு மேல் அதிலிருந்து ஒன்றும் தெரியாது. கற்கள் கிட்டத்தட்ட ஒரே கனம் என்றால் சிலர் தவறிச் சொல்வார்கள். பாதிக்குப் பாதி பிரிந்தால் இரண்டும் சமம். 70-க்கு 30 என்றால் கொஞ்சம் இடைவெளி. 95-க்கு 5 என்றால் நல்ல இடைவெளி. ஆக, தவறுகளின் விகிதமே தூரத்தைச் சொல்லிவிடுகிறது! உளவியலாளர் தர்ஸ்டோன் 1927-லேயே இதற்குக் கணித வடிவம் கொடுத்துவிட்டார். வழக்கமாகப் பிழையைக் குறைக்கத்தான் அறிவியல் படாதபாடு படும். இங்கே பிழைதான் தராசு. எல்லோரும் எல்லாவற்றிலும் ஒத்துப்போயிருந்தால் இந்த முறையே வேலை செய்திருக்காது. உடைந்த மணிக்கட்டு, உடைந்த கணுக்கால், தீக்காயம் என்று அடுத்தடுத்த நிலைகளுக்கு இடையிலான தூரங்களைக் கோத்தால் ஒரு நீண்ட கயிறு கிடைக்கும்.

கயிற்றில் 0 எங்கே, 1 எங்கே என்பது மட்டும் இன்னும் தெரியாது. அதற்காக இணையத்தில் பதிலளித்தவர்களில் சிலரிடம் வேறு வகைக் கேள்வி: 1,000 பேரை மரணத்திலிருந்து காக்கும் திட்டம், பல ஆயிரம் பேரை இன்ன நிலையிலிருந்து காக்கும் திட்டம், இரண்டில் எது அதிக நன்மை தந்தது? இந்தப் பதில்களை வைத்துக் கயிற்றை மரணத்தோடு முடிச்சுப் போட்டார்கள்.

இந்த எடைகளின் 2013 திருத்தத்தின்படி, ஒரு காலை இழந்து சிகிச்சையின்றி வாழ்பவரின் எடை 0.173. சிகிச்சையோடு என்றால் 0.039. வித்தியாசம் 0.134, நாற்பது ஆண்டுக்குப் பெருக்கினால் ஐந்து ஆண்டுக்கு மேல். ஒரு மனிதருக்கு இத்தனை ஆண்டைத் திருப்பித் தரும் வேலைக்குப் பணம் கேட்டால், "விபத்து விதிப்படி நடப்பது, அதில் ஆராய என்ன இருக்கிறது?" என்கிற மனநிலையோடுதான் இன்னும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. தவிர்க்க முடியாதது என்ற எண்ணத்தைத் தருவதால், 'விபத்து' என்பதற்கான ஆங்கிலச் சொல்லைத் தன் பக்கங்களில் பயன்படுத்தப்போவதில்லை என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2001-ல் அறிவித்தது எனக்குச் சரியென்றே படுகிறது.

காயக் கணக்கில் தனியாக ஒரு தலைவலி உண்டு. மரணம் பதிவாவது காரணத்தின்படி: சாலை, தீ, விழுதல். ஆனால் எடை இருப்பது காயத்தின் தன்மைக்கு: முறிவு, தீப்புண், மூளை அடி. எந்தக் காரணம் எந்தக் காயத்தை எவ்வளவு உண்டாக்குகிறது என்று மருத்துவமனைப் பதிவுகளைக் கொண்டு இரண்டையும் இணைக்கிறார்கள். ஒருவருக்குப் பல காயம் என்றால் மோசமான ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

எடைகளும் கல்வெட்டு அல்ல. நிலையை விவரிக்கும் வாக்கியத்தில் சில சொற்கள் மாறினால் பதில்களும் மாறுகின்றன. கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டு, சிகிச்சை பெற்று வாழ்பவருக்கு 2010 ஆய்வு கொடுத்த எடை 0.369. விவரிப்பைத் திருத்தி, புதிய கணக்கெடுப்புகளையும் சேர்த்தபின் 2013-ல் அதே நிலைக்கு வந்த எடை 0.589.