திரும்பிப் படுத்த மலையும் ஒரு கோப்பை ஒயினும்

சான் ஹோசேயில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "பினோ நுவார் திராட்சையின் ஒயின் என்றால் வெளிர்சிவப்பாக, மெலிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். நண்பர் ஒருவர் நம் கலிஃபோர்னியாவின் சாண்டா ரீட்டா குன்றுகளில் விளைந்த ஒன்றை ஊற்றிக் கொடுத்தார். நிறம், கனம், ருசி எல்லாமே அசத்திவிட்டன. அதே திராட்சைதானே, எப்படி?"

நல்ல கேள்வி. விடையின் பெரும்பகுதி திராட்சையில் இல்லை, மலையில் இருக்கிறது.

முதலில் திராட்சையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். பினோ நுவாரின் சாற்றுக்கு நிறம் கிடையாது. சிவப்பும் துவர்ப்பும் முக்கியமாகத் தோலிலிருந்து வருகின்றன. இதன் தோலோ மெல்லியது; நிறம் தரும் ஆந்தோசயனினும் குறைவு. இதன் சொந்த ஊரான பிரான்சின் பர்கண்டி 47 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. அங்கே வெயில் அளவாகத்தான் கிடைக்கும். சாண்டா ரீட்டா குன்றுகள் இருப்பது 34½ டிகிரியில், ஏறக்குறைய லெபனானுக்கு நேராக. வெயில் கூடினால் பழத்தில் சர்க்கரை கூடும், ஆல்கஹால் கூடும், ஒயினுக்குக் கனம் வரும்.

சரி, அப்படியானால் எல்லா வெயில் ஊரிலும் நல்ல பினோ நுவார் விளைய வேண்டுமே? விளையாது. வெப்பம் மிஞ்சினால் பழம் தன் சுவாசத்துக்கு புளிப்பு தரும் மாலிக் அமிலத்தை எரித்துவிடும். புளிப்பு போனால் ஒயின் பழப்பாகு மாதிரி ஆகிவிடும். ஆக, லெபனானின் வெயிலோடு குளிரும் சேர்ந்து வர வேண்டும். அந்தக் குளிர் எங்கிருந்து வருகிறது?

கடலிலிருந்து. கரையோரமாக வீசும் வடமேற்குக் காற்று மேற்பரப்பு நீரை நடுக்கடல் பக்கம் தள்ளிவிட, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அதன்மேல் மூடுபனி கட்டுகிறது. ஆனால் அமெரிக்காவின் மேற்குக் கரையில் மலைத்தொடர்கள் பெரும்பாலும் கரைக்கு இணையாக, மதில் போல நிற்கின்றன. பனி உள்ளே புக வழி குறைவு. சாண்டா ரீட்டா பகுதியிலோ மலைகள் கிழக்கு மேற்காகப் படுத்திருக்கின்றன. லொம்போக் ஊர்ப்பக்கம் பள்ளத்தாக்கு பசிபிக்கை நோக்கி வாய் திறந்து கிடக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். அந்த மலைகள் ஆதியில் அப்படிப் படுத்திருக்கவில்லை. பூமியின் மேலோடு பெரிய பாறைத் தட்டுகளால் ஆனது; அவற்றில் பசிபிக் தட்டு வட அமெரிக்கத் தட்டை உரசிக்கொண்டு வடமேற்காக நகர்ந்தபோது, இடையில் சிக்கிய நிலத்துண்டு ஒன்று கடந்த சுமார் 2 கோடி ஆண்டுகளில், கீல் மாட்டிய கதவு போல, வலஞ்சுழியாக ஏறக்குறைய 90 டிகிரி திரும்பிவிட்டது.

எப்படித் தெரியும்? எரிமலைக் குழம்பு ஆறும்போது அதிலுள்ள மேக்னடைட் என்ற காந்தக் கனிமத்தின் துகள்கள் அன்றைய புவிகாந்தத் திசையை அப்படியே பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு துகளும் உறைந்துபோன திசைகாட்டி முள். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்து ஆய்வாளர்கள் கமர்லிங்கும் லுயன்டைக்கும் அருகிலுள்ள சாண்டா மோனிகா மலைப்பாறைகளை அளந்து 1979இல் வெளியிட்டார்கள். வடக்கைக் காட்ட வேண்டிய முட்கள் கிழக்குப் பக்கம் திரும்பியிருந்தன. முள் ஏமாற்றவில்லை, மலையே திரும்பியிருந்தது!

பாறையில் காந்தத் திசையை அளக்கும் ஆய்வுக்கு நிதி கேட்டால் 'இதனால் யாருக்கு என்ன பயன்?' என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்வியை வைத்து அடிப்படை அறிவியலுக்கான பணத்தை வெட்டுவது பெரிய தவறு என்று உறுதியாக நம்புகிறேன். ஒரு பள்ளத்தாக்கு ஏன் குளிர்ந்திருக்கிறது என்பதற்கு இன்று நமக்கு விடை கிடைத்திருப்பது அப்படிப்பட்ட ஆய்வால்தான்.

அப்புறம், காற்று. பிற்பகலில் கடற்காற்று பலமாக அடிக்கும். கொடி சிரமப்பட்டு வளரும், பழம் சிறுக்கும். பள்ளிக்கூடக் கணக்குதான்: 14 மில்லிமீட்டர் விட்டமுள்ள பழம் 10 மில்லிமீட்டராகச் சிறுத்தால், சாற்றின் அளவுக்குத் தோல் பரப்பு 1.4 மடங்காகிறது. மெல்லிய தோல் என்ற குறை அங்கே ஓரளவு ஈடாகிவிடுகிறது. உங்களை அசத்திய நிறத்தில் இதற்கும் பங்குண்டு.

புவியியல் படித்த ரிச்சர்ட் சான்ஃபோர்டு காரில் வெப்பமானியை வைத்துக்கொண்டு இந்தப் பள்ளத்தாக்கில் அலைந்தார். பிறகு தாவரவியலாளர் மைக்கேல் பெனடிக்டோடு சேர்ந்து 1971இல் இங்கே கொடி நட்டார். கடலிலிருந்து ஒரு மைல் உள்ளே போனால் ஏறக்குறைய ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் கூடும் என்பது அந்தப் பகுதியில் சொல்லப்படும் கணக்கு. அடுத்த முறை லொம்போக் பக்கத்துத் தோட்டத்தின் பாட்டில் ஒன்று, கிழக்கே புவெல்டன் பக்கத்துத் தோட்டத்தின் பாட்டில் ஒன்று, இரண்டையும் அருகருகே வைத்துச் சுவைத்துப் பாருங்கள். எதில் புளிப்பு தூக்கலாக இருந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.