ஹார்னஸ்: சேணமா, பட்டையா, கச்சையா?

கோலாலம்பூரின் உயரக் கட்டடங்களில் தொங்கியபடி கண்ணாடி துடைப்பவர்கள் மாட்டியிருப்பது ஹார்னஸ். பத்துமலைச் சுண்ணாம்புப் பாறைகளில் ஏறிப் பழகுபவர்கள் இடுப்பில் அணிவதும் ஹார்னஸ். பினாங்கில் பத்து பிரிங்கி கடற்கரைக்குப் போனால், படகு இழுக்கும் வான்குடையில் (பாராசூட்) ஏறுமுன் உங்களுக்கே அதை மாட்டிவிடுவார்கள். மலாயில் இதற்குப் பெயர் ‘அபா-அபா’. அந்த மொழியில் ‘அபா’ அப்பாவையும் குறிக்கும் என்பதால், முதன்முதலாகக் கேட்கும் பிள்ளை யாரோ அப்பாவை இருமுறை கூப்பிடுவதாக நினைத்துக்கொள்ளும். தமிழில் எழுதும்போது நாம் அவசரத்துக்கு ‘பாதுகாப்புப் பட்டை’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். கண்ணாடி துடைப்பவருக்கு அது போதும். விமானத்திலிருந்து குதிப்பவருக்குப் போதாது.

சொல்லின் வேரைத் தேடிப் போனால் போர்ப் பாசறையில் போய் நிற்போம். பழைய நார்ஸ் மொழியில் ‘ஹெர்’ என்றால் படை, ‘நெஸ்ட்’ என்றால் வழிச்சோறு. இந்தப் படைக் கட்டுச்சோறுதான் பழைய பிரெஞ்சில் ‘ஹர்னெய்ஸ்’ ஆகிப் போர்த் தளவாடத்தைக் குறித்தது என்பது சொற்பிறப்பு அறிஞர்கள் பலரும் ஏற்கும் கருத்து. ஆங்கிலத்துக்கு 1300 வாக்கில் வந்த சொல், வீரனின் கவசத்தையும் குதிரைக்குப் பூட்டும் வார்களையும் சேர்த்தே குறித்தது. ஜெர்மனில் ‘ஹார்னிஷ்’ இன்றும் கவசம்தான். ஆங்கிலத்தில் காலப்போக்கில் கவசம் உதிர்ந்து குதிரை மட்டும் மிஞ்சியது.

மனித உடம்புக்கு அது வந்தது பிந்தித்தான். 1797இல் பாரிஸில் பலூனிலிருந்து வான்குடையில் இறங்கிய ஆந்த்ரே-ஜாக் கார்னெரின் குடையின் கீழே தொங்கிய கூடைக்குள் இருந்தார். 1919 ஏப்ரலில் லெஸ்லி இர்வின் விமானத்திலிருந்து குதித்து, தன் கையாலேயே இழுத்துக் குடையைத் திறந்தபோது, கூடை போய் உடம்பில் பூட்டிய வார்கள் வந்திருந்தன. ஆனால் அந்தக் கால வட்டக் குடையின் கீழே மனிதன் பெரும்பாலும் வெறும் சுமைதான். காற்று கொண்டுபோகும் இடத்துக்குப் போக வேண்டும். 1964இல் டோமினா ஜால்பெர்ட் காற்றறைகள் கொண்ட சிறகு வடிவக் குடையை உருவாக்கிய பிறகு நிலைமை மாறியது. சிறகு திரும்பும், பாயும், இறக்கத்தைக் கட்டுப்படுத்தும். கீழே இருப்பவர் இடுப்பை அசைத்தால் அதுவும் அசையும்.

இங்கேதான் ஹார்னஸின் அமைப்பைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். முதன்மையானவை, தோளிலிருந்து இடுப்புவரை இரு பக்கமும் இறங்கும் தூக்குவார்கள். கீழே அவற்றோடு தொடைவார்கள் சேர்கின்றன. நடுவில் மார்புவார் இரண்டையும் இணைக்கிறது. தோளருகே ஒன்றுக்குள் ஒன்று கோத்த மூன்று வளையங்கள். அவற்றிலிருந்து ரைசர் எனப்படும் வார்கள் மேலேறி, குடையின் கயிறுகளைப் பிடித்திருக்கின்றன. பில் பூத் 1970களில் கொண்டுவந்த அந்த மூவளையப் பூட்டு, கோளாறான குடையை நொடியில் கழற்றிவிட உதவுகிறது.

குதித்தவர் மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தில் குப்புற விழுந்துகொண்டிருக்கிறார். குடை விரியும் மூன்று, நான்கு நொடிகளில் அந்த வேகம் முழுவதையும் இந்த வார்கள்தான் வாங்கிக்கொள்கின்றன. தோள்கள் சமமாக இருந்தால் இரண்டு ரைசர்களிலும் இழுவிசை ஒன்றுபோல் ஏறும். குடை நேராக விரியும். ஒரு தோளோ இடுப்பின் ஒரு பக்கமோ தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கம் சுமை கூடி, விரிந்துகொண்டிருக்கும்போதே குடை அங்கே திரும்பிவிடும். சிறிய, நீள்வட்டக் குடைகள் இதில் பொல்லாதவை. சற்றே சாய்ந்தாலும் சுழன்று கயிறுகளை முறுக்கிவிடும். தொடைவார்களில் ஒன்றை இறுக்கி ஒன்றைத் தளர விட்டிருந்தால், ஒழுங்காகப் படுத்து விழுந்தவருக்கும் இதே கதிதான். குடையைக் குறை சொல்லுமுன் தொடையைப் பார்க்க வேண்டும்.

விமானத்திலிருந்து குதிப்பவருக்குத் திருத்திக்கொள்ள உயரம் இருக்கும். நம் ஊர்க் கோபுரத்தில் அது கிடையாது. 421 மீட்டர் உயரமுள்ள கோலாலம்பூர் கோபுரத்தில், ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திலிருந்து வான்குடையோடு பாயும் குதிப்பு விழா நடந்துவருகிறது. இத்தகைய குதிப்பில் மாற்றுக் குடை வைத்துக்கொள்வதில்லை. முதல் மூன்று நொடியில் 44 மீட்டர் போய்விடும். குடை விரியும்போது திசை மாறி உள்நோக்கித் திரும்பினால் எதிரே காங்கிரீட் சுவர். இரண்டு தொடைவார்களும் சமமாக இருப்பது அங்கே உயிர்ப் பிரச்சினை.

குடை விரிந்த பிறகு இதே சாய்வு கருவியாகிவிடுகிறது. இடது இடுப்பை அழுத்தினால் குடை இடப்பக்கம் திரும்பும். குடையைத் திருப்பும் கைப்பிடிகளை இழுக்க வேண்டியதே இல்லை. மார்புவாரைக் கொஞ்சம் தளர்த்தினால் ரைசர்கள் அகன்று சிறகு சற்றுத் தட்டையாகும், உடலை முன்னே சாய்க்க முடியும், திருப்பமும் கூர்மையாகும். முற்றிலும் கழற்றுவது மடத்தனம். இடுப்பு மடியும் இடத்தில் உலோக வளையம் வைத்துத் தைத்த வகைகளில், முதுகுப்பையை இழுக்காமல் ஒரு காலை மட்டும் அசைக்கலாம்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை அளவு. தூக்குவார் நீளமாக இருந்தால் குடை விரிந்ததும் மொத்த வார்க்கட்டும் மேலேறி, மார்புவார் தொண்டையருகே வந்து நிற்கும். கைப்பிடிகள் எட்டாத உயரத்துக்குப் போய்விடும். தைப்பூசத்தில் பத்துமலையின் 272 படிகளை ஏறும் காவடிக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். இடுப்புப் பட்டை ஒரு விரல் தளர்ந்தால் காவடி எந்தப் பக்கம் இழுக்கும் என்பது அவர் தோளுக்குத் தெரியும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? அகராதி ‘சேணம்’ என்கிறது. சேணம் குதிரையின் முதுகில் இருப்பது, அதன்மேல் இன்னொருவர் உட்காருவது. கலணை, பல்லணம் ஆகிய பழஞ்சொற்களும் அப்படியே. இங்கே மனிதன் வார்களுக்குள்ளே இருக்கிறான். ‘பட்டை’யில் பிடித்துவைக்கும் பொருள் உண்டு, ஓட்டும் பொருள் இல்லை. ஏர் பூட்டுவதை நினைத்து ‘பூட்டுவார்’ என்று சொல்லிப் பார்த்தேன். யாரோ பெரியவர் கதவைப் பூட்டப் போவதுபோல் இருந்தது. ‘கச்சை’ பொருந்துகிறது. உடம்பைச் சுற்றி இறுக்கிக் கட்டுவது அது. போருக்குக் கிளம்புபவன் கச்சை கட்டுவான். ஹார்னஸும் பாசறையில் பிறந்ததுதானே. வெறும் கச்சை இடுப்போடு நின்றுவிடும் என்பதால், வார்களால் ஆனது என்பதையும் சேர்த்து ‘வார்க்கச்சை’ என்கிறேன். தூக்குவார், தொடைவார், மார்புவார் என்று உறுப்புகளின் பெயர்களும் அதிலிருந்தே கிளைக்கும். பாறை ஏறுபவருடையது இடுப்பையும் தொடைகளையும் மட்டும் பிடிப்பதால் அதை ‘இடுப்புக் கச்சை’ என்று சொல்லலாம். சேணம் குதிரைக்கே இருக்கட்டும்.

கார்ப் பட்டறையில் புழங்கும் ‘வயரிங் ஹார்னஸ்’ மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அது யாரையும் கட்டுவதில்லை. கம்பிகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டியது. ‘கம்பிக் கற்றை’ என்றாலே மெக்கானிக்குக்குப் புரிந்துவிடும்.