ஓடையிலிருந்து குழாய்வரை: மலையகத்தில் நீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றைத் திட்டமிடுதல்

நீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றுக்குச் செலவாகும் பணத்தின் பெரும்பகுதி கொங்கிரீற்றுக்கும் குழாய்களுக்கும் இயந்திரங்களுக்கும் போகிறது. ஆனால் அந்த நிலையம் பல ஆண்டுகள் ஒழுங்காக இயங்குமா, முதல் பெருமழையிலேயே திணறுமா என்பதை முடிவு செய்பவை அடிக்கல் நாட்டுவதற்கு முன்பே எடுக்கப்படும் சில தீர்மானங்களாகும். எவ்வளவு நீர் வேண்டும், எங்கிருந்து எடுப்பது, அந்த நீரில் என்ன கலந்திருக்கிறது, எம்முறையில் அதைத் துப்புரவாக்குவது, நிலையத்தை எந்தச் சரிவில் அமைப்பது என்பவையே அவை. இலங்கையின் மலையகத்தில் இவற்றுக்குக் கிடைக்கும் விடைகள் சமவெளியில் கிடைப்பவை அல்ல. இங்கே ஓடையின் அளவு மாதத்துக்கு மாதம் மாறுகிறது, அதன் கலங்கலோ மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் மாறுகிறது, தட்டையான நிலம் அரிது, நீரும் குளிர்ந்தது.

முதலில் தேவையைக் கணிக்க வேண்டும். ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையே ஒரு சிறு நகரத்தையும் அதைச் சூழ்ந்த தோட்டங்களையும் கற்பனை செய்துகொள்வோம். இருபது ஆண்டுகளுக்குப் பின் அங்கே 10,000 பேர் வாழ்வார்கள் என்றும், ஒருவருக்கு நாளொன்றுக்கு 120 லீட்டர் வேண்டும் என்றும் கொண்டால், வீட்டுத் தேவை மட்டும் 1,200 கனமீற்றர். பாடசாலை, வைத்தியசாலை, கடைகள் ஆகியவற்றுக்கு 15 சதவீதம் சேர்த்தால் 1,380 கனமீற்றர். உற்பத்தியாகும் நீரில் ஐந்தில் ஒரு பங்கு குழாய்க் கசிவில் போய்விடும் எனக் கருதினால் அது 1,725 ஆகிறது. உச்சத் தேவையுள்ள நாளுக்காக அதை 1.2 ஆல் பெருக்கி, நிலையம் தன் வடிகட்டிகளைக் கழுவுவதற்குச் செலவிடும் 5 சதவீதத்தையும் சேர்த்துக்கொண்டால், நாளொன்றுக்குச் சுமார் 2,200 கனமீற்றர் நீரை ஓடையிலிருந்து எடுக்க வேண்டிவரும். இது செக்கனுக்கு ஏறத்தாழ 25 லீட்டர்.

இந்தக் கணக்கில் கவனமாகப் பார்க்க வேண்டியவை பெருக்கல்களுக்குப் பின்னாலுள்ள ஊகங்கள்தாம். பீலியிலிருந்து, அதாவது ஊற்றுநீர் விழும் வாயிலிருந்து, குடத்தில் சுமந்து வரும் குடும்பம் பயன்படுத்தும் நீரின் அளவை வைத்து எதிர்காலத் தேவையைக் கணிக்கக்கூடாது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குள் குழாய் வந்ததும் குளியலும் துவையலும் கழிவறையும் வீட்டோடு சேர்ந்துவிடுகின்றன, பயன்பாடு பல மடங்காகிறது. மறுபுறம், இளைஞர்கள் கொழும்புக்கு வேலைக்குப் போவதால் தோட்டத்தில் நிரந்தரமாகத் தங்குவோர் தொகை குறையலாம்; ஆனால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவர்கள் எல்லோரும் ஊர் திரும்புவார்கள். நுவரெலியாவில் ஏப்ரல் மாத வசந்த காலம் உல்லாசப் பயணிகளால் நகரை நிரப்புகிறது. அது வறண்ட மாதங்களைத் தொட்டு வருவதால், தேவை உச்சத்துக்கு ஏறும் வேளையில் ஓடை இன்னும் முழுதாகத் தேறியிராது. சராசரித் தேவையையும் சராசரி நீரோட்டத்தையும் ஒப்பிட்டுத் திருப்தி அடையும் திட்டம் இந்த இடத்தில்தான் உடைகிறது.

ஆகவே அடுத்த கேள்வி, மிக வறண்ட வாரத்தில் அந்த ஓடையில் எவ்வளவு நீர் ஓடுகிறது என்பது. மத்திய மலைத்தொடரின் மேற்குச் சரிவு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் நனைகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை அங்கே வறட்சி. பதுளை, பண்டாரவளைப் பக்கத்திலோ நிலைமை மாறுகிறது. ஊவாவின் சரிவுகள் வடகீழ்ப் பருவக்காற்றிலும் பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மழையிலும் நீர் பெற்று, ஜூன் முதல் செப்டெம்பர் வரை காய்கின்றன. எனவே ஒரு பக்கத்துக்கு வரைந்த திட்டத்தை மறுபக்கத்துக்குப் பிரதி பண்ண முடியாது.

சிறிய ஓடையை அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஓடைக்குக் குறுக்கே ஒரு பலகைத் தடுப்பை வைத்து, அதன் நடுவில் 90 பாகைக் கோணத்தில் முக்கோண வெட்டு ஒன்றை அமைத்தால் போதும். வெட்டின் கூர்முனைக்கு மேலே நீர் நிற்கும் உயரத்தை, தடுப்புக்குச் சற்று மேற்புறத்தில் நட்ட அளவுகோலில் படிக்க வேண்டும். உயரம் 20 சென்ரிமீற்றர் என்றால் செக்கனுக்குச் சுமார் 25 லீட்டர் ஓடுகிறது. நமது கற்பனை நகரத்துக்கு அது அப்படியே சரிசமம். உயரம் பாதியாக, அதாவது 10 சென்ரிமீற்றராகக் குறைந்தால் ஓட்டமும் பாதியாகும் என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அது 4.4 லீட்டருக்கு, ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே, இறங்கிவிடுகிறது, ஏனெனில் ஓட்டம் உயரத்தின் இரண்டரை அடுக்கோடு மாறுகிறது. கண்ணால் பார்த்து “தண்ணீர் கொஞ்சம் குறைந்திருக்கிறது” என்று எழுதும் குறிப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதை இந்த ஒரு கணக்கே காட்டும்.

குறைந்தது ஓராண்டு முழுவதும் இந்த அளவீட்டைத் தினமும் எடுத்த பின்னரே வரைபடம் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த ஆண்டு வழக்கத்தைவிட ஈரமானதா என்பதை அருகிலுள்ள மழைமானியின் நீண்டகாலப் பதிவோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம். கூடவே, பீலிக்கரைக்கு நாற்பது ஆண்டுகளாக நடந்துவரும் அம்மாமாரிடம் கேட்க வேண்டும். மாசி, பங்குனியில் ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள், எந்த ஆண்டில் பீலி முற்றாக நின்றது என்பவை எந்தப் பதிவேட்டிலும் இல்லாத தரவுகள். ஓடையில் உள்ள நீர் முழுவதையும் எடுத்துவிடவும் கூடாது. கீழே இன்னொரு தோட்டம் அதே ஓடையை நம்பியிருக்கும், மீனும் தவளையும் வாழ வேண்டும். வறண்ட கால ஓட்டம் தேவைக்கு மட்டுமட்டாக இருந்தால், இரண்டாவது ஓடையைச் சேர்ப்பதா, சிறு தேக்கம் கட்டுவதா, ஆற்றிலிருந்து மேலேற்றுவதா என்று இந்தக் கட்டத்திலேயே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

மேலேற்றுவதன் விலை பெரிது. செக்கனுக்கு 25 லீட்டரை 100 மீற்றர் உயரத்துக்குத் தூக்க, பம்பியின் செயற்றிறன் 65 சதவீதம் எனக் கொண்டால், ஏறக்குறைய 38 கிலோவாற்று வேண்டும். இடைவிடாது ஓடினால் நாளொன்றுக்கு 900 அலகு மின்சாரம். நிலையம் இயங்கும் காலம் முழுவதும் அந்தக் கட்டணம் தொடரும். கட்டுவதற்கு மலிவான ஆற்றங்கரை உள்ளெடுப்பு (நீரை எடுக்கும் இடம்), நடத்துவதற்கு விலைகூடியதாக மாறுவது இப்படித்தான். உறிஞ்சுகுழாயில் நீரை மேலே தள்ளுவது காற்றழுத்தமே என்பதால், இடத்தின் உயரமும் பம்பியைச் சோதிக்கிறது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றழுத்தம் கடலோரத்தின் ஐந்தில் நான்கு பங்குதான். கடலோரத்தில் காற்றழுத்தம் தாங்கும் நீர்நிரல் 10.3 மீற்றர், அங்கே அது 8.2 மீற்றர். கொழும்பில் சரியாக உறிஞ்சும் அமைப்பை அப்படியே இங்கு பொருத்தினால் பம்பிக்குள் நீராவிக் குமிழிகள் உருவாகிச் சுழலியை அரிக்கக்கூடும்.

நீரின் தரத்தை அறிய மாதிரி எடுக்கும்போது வெயில் நாளைத் தேர்ந்தெடுப்பது பொதுவான பழக்கம். பாதை காய்ந்திருக்கும், போத்தல்களைச் சுமப்பது எளிது. ஆனால் நிலையத்தைச் சோதிக்கப்போவது மழைநாள் நீர்தான். மரக்கறித் தோட்டங்கள் சரிவில் ஏறிச் சென்றுள்ள நீரேந்து பகுதிகளில், வறண்ட நாளில் 5 என்.டி.யு.வுக்கு (கலங்கலை அளக்கும் அலகு) குறைவான கலங்கலோடு ஓடும் நீர், ஒரு பெருமழைக்குப் பின் சில மணித்தியாலங்களில் பல நூறைத் தொடலாம். இலங்கையின் குடிநீர் நியமமான எஸ்.எல்.எஸ். 614, இதை 2 என்.டி.யு.வுக்கு மிகாமல் கொண்டுவரச் சொல்கிறது. மண்ணோடு பசளையும் பீடைகொல்லியும் மாட்டுத் தொழுவக் கழிவும் கழிவறைக் குழிகளின் கசிவும் வரலாம். மண்ணை வடிகட்டலாம், கிருமியைக் குளோரின் கொல்லும். ஆனால் நீரில் கரைந்துவிட்ட பீடைகொல்லியையும் நைத்திரேற்றையும் வழக்கமான மணல் வடிகட்டி தடுப்பதில்லை. அதனால் உள்ளெடுப்பை மரக்கறிப் பாத்திகளுக்கும் லயங்களுக்கும் மேலே, காடு மூடிய பகுதிக்குக் கீழே வைப்பது எந்த இயந்திரத்தையும்விடச் சிறந்த சுத்திகரிப்பு. குழாய் நீளம் ஒரு கிலோமீற்றர் கூடினாலும் அந்தச் செலவு நியாயமானது.

மழைநாள் நீரை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்ததும் செய்யும் சோதனை எளிமையானது, ஆனால் முழு வடிவமைப்பும் அதில் தங்கியிருக்கிறது. ஆறு ஒரு லீட்டர்க் கண்ணாடிப் பாத்திரங்களில் அந்தக் கலங்கல் நீரை நிரப்பி, 10 மில்லிகிராமிலிருந்து 60 மில்லிகிராம் வரை படிப்படியாகக் கூட்டிப் படிகாரக் கரைசலைச் சேர்க்கிறார்கள். துடுப்புகள் ஒரு நிமிடம் வேகமாகச் சுழலும், பிறகு இருபது நிமிடம் மிக மெதுவாக. முதல் பாத்திரத்தில் ஒன்றும் நடக்காது. நடுவிலுள்ள ஒன்றில் நீருக்குள் பனிப்பொட்டுப் போன்ற துகள்கள் தோன்றிப் பருத்துக்கொண்டே வரும். துடுப்பு நின்றதும் அவை அடியில் இறங்கி, மேலே தெளிந்த நீர் நிற்கும். களித்துகள்கள் எதிர்மின்னேற்றம் உடையவை, ஒன்றையொன்று தள்ளுவதால் தாமாகச் சேர்வதில்லை. படிகாரத்திலுள்ள அலுமினியம் அந்த ஏற்றத்தைத் தணித்து அவற்றை ஒட்டவைக்கிறது.

மலையக நீரில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. இப்பகுதியின் பாறைகள் எளிதில் கரையாத பழைய உருமாறிய பாறைகள் என்பதால் ஓடை நீர் மென்மையானது, காரத்தன்மை, அதாவது அமிலத்தைத் தணிக்கும் திறன், குறைந்தது. ஒரு மில்லிகிராம் படிகாரம் ஏறத்தாழ அரை மில்லிகிராம் காரத்தன்மையைச் செலவழிக்கிறது. 30 மில்லிகிராம் படிகாரம் போட்டால் 15 மில்லிகிராம் போய்விடும். இயற்கையாக உள்ளதே அவ்வளவுதான் என்றால் நீர் அமிலமாகி, துகள் உருவாவது நின்று, கரைந்த அலுமினியம் நுகர்வோரின் குழாய்வரை போகும். எனவே சுண்ணாம்பு சேர்க்கும் வசதியை ஆரம்ப வடிவமைப்பிலேயே வைக்க வேண்டும், அல்லது காரத்தன்மையைக் குறைவாக உண்ணும் பொலி அலுமினியம் குளோரைட்டை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இப்போதுதான் முறையைத் தேர்ந்தெடுக்க முடியும். மெதுமணல் வடிகட்டி இரசாயனமின்றி, மணலின் மேற்பரப்பில் வளரும் உயிர்ப்படலத்தால் நீரைத் துப்புரவாக்குகிறது, நடத்துவது எளிது. ஆனால் நீர் அதில் மணிக்கு 0.15 மீற்றர் வேகத்தில்தான் இறங்கலாம் என்பதால் நமது நகரத்துக்கு 600 சதுர மீற்றருக்கு மேல் தட்டை நிலம் வேண்டும், கலங்கல் மிகுந்த நீர் வந்தால் அடைத்தும் போகும். மணிக்கு 5 மீற்றரில் இயங்கும் விரைவு வடிகட்டிக்கு 18 சதுர மீற்றரே போதும். ஒன்றைக் கழுவும்போது மற்றவை சுமையைத் தாங்க வேண்டுமென்பதால் அதைவிடச் சற்றுக் கூட்டி, மூன்று அல்லது நான்கு அலகுகளாகப் பிரிப்பார்கள். காடு மூடிய சிறு நீரேந்து பகுதியில் சில நூறு குடும்பங்களுக்கு என்றால் சரளைக்கல் முன்வடிகட்டியோடு கூடிய மெதுமணல் வடிகட்டியையே நான் விரும்புவேன். 10,000 பேர் என்றால், மலைச்சரிவில் நிலத்தின் அருமை விரைவு வடிகட்டியின் பக்கம் தீர்ப்பைச் சாய்க்கிறது.

குளிரையும் கணக்கில் எடுக்க வேண்டும். 16 பாகை செல்சியஸ் நீர், 28 பாகை நீரைவிடத் தடிப்பானது. அதே துகள் அதில் கால்வாசி மெதுவாகப் படிகிறது. ஆகவே படிவுத் தொட்டி சமவெளியில் உள்ளதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். குளோரினும் குளிரில் மெதுவாகவே கிருமிகளைக் கொல்கிறது. குளோரின் நீரோடு அரை மணித்தியாலம் தொடுகையில் இருக்க நமது நகரத்துக்கு 46 கனமீற்றர் தொட்டி போதும் என்று தாளில் போடும் கணக்கு சொல்லும். ஆனால் நீர் குறுக்குவழியில் ஓடாதபடி உள்ளே தடுப்புச் சுவர்கள் வைப்பதும், கொள்ளளவைத் தாராளமாகக் கூட்டுவதும் அவசியம்.

இடத்தேர்வில் சரிவு ஒரு வரம். கலக்கும் வாய்க்கால், துகள் வளர்க்கும் தொட்டி, படிவுத் தொட்டி, வடிகட்டி, சேமிப்புத் தொட்டி என ஒவ்வொன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் நீர் தானாகவே இறங்கிப் போகும். படிகாரத்தைக் கலக்கும் வேலையைக்கூட ஒரு சிறிய நீர்வீழ்ச்சி செய்துவிடும். மின்சாரம் துண்டிக்கப்படும் மழை இரவில் இந்த வசதியின் அருமை தெரியும். கீழே போகும் குழாயில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: ஒவ்வொரு 10 மீற்றர் இறக்கத்துக்கும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பார் ஏறுவதால், 10 பார் தாங்கும் குழாய் போடப்பட்ட இடத்தில் 100 மீற்றர் இறக்கத்துக்கு முன்பே அழுத்தமுறிப்புத் தொட்டி ஒன்று வர வேண்டும்.

அதே சரிவு கொல்லவும் கூடும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களைப் புதைத்ததை மலையகம் மறக்கவில்லை. ஆயிரக்கணக்கான தொன் நீரும் கொங்கிரீற்றும் நிற்கப்போகும் இடத்துக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு ஆய்வைக் காணி வாங்குவதற்கு முன்பே பெற வேண்டும். கசியும் தொட்டி தன் கீழுள்ள மண்ணைத் தானே நனைத்துத் தளர்த்தும் என்பதால், தொட்டிகளுக்கு அடியில் வடிகால்களை முதல் வரைபடத்திலேயே காட்ட வேண்டும்.

கடைசியில் வருவது சேறு. படிவுத் தொட்டியின் அலுமினியச் சேற்றையும் வடிகட்டி கழுவிய நீரையும் ஓடையிலேயே திறந்துவிடுவது மிக இலகு, அதனாலேயே அதற்குரிய காணி திட்டத்தில் அடிக்கடி விடுபடுகிறது. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்து களனி கங்கையாகி, அம்பத்தளையில் கொழும்பின் குடிநீராகின்றன. கொத்மலை ஓயா மகாவலியில் சேர்கிறது. மேலே கொட்டும் சேறு கீழே இன்னொரு நிலையத்தின் உள்ளெடுப்புக்கு வந்து சேர்கிறது. மழை நாட்கள் மிகுந்த இந்தப் பகுதியில் திறந்த உலர்த்தும் தளம் மெதுவாகவே காயும். ஆகவே கூரையிட்ட தளங்களுக்கும், ஒன்று காயும்போது மற்றொன்று நிறைய இரட்டைக் குழிகளுக்கும், சேற்றை ஏற்றிச்செல்லும் லொறி திரும்பக்கூடிய பாதைக்கும் இடம் ஒதுக்கிய பின்னரே நிலையத்தின் எல்லைக் கோட்டை வரைய வேண்டும்.