ஏணிக்கு மட்டும் ஓய்வு வயது உண்டு

தமிழ்நாட்டில் அரசு ஊழியருக்கு ஓய்வு வயது 60. 2021இல்தான் அதை 59இலிருந்து உயர்த்தினார்கள். வாளி, வைப்பர், ஏணி மூன்றையும் வைத்துக்கொண்டு வேலூரில் கடை கடையாகப் போய்க் கண்ணாடி துடைப்பவருக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. பி.எஃப். இல்லை, ஈ.எஸ்.ஐ. இல்லை. முதியோர் உதவித்தொகை 2023இல் மாதம் 1,200 ரூபாய் ஆனது. அது வீட்டு வாடகைக்கே காணாது. அதனால் அறுபத்தைந்து வயதிலும் ஆபீசர்ஸ் லைன் கடை முகப்புகளிலும் காட்பாடி சாலை லாட்ஜ் ஜன்னல்களிலும் வேலை தொடர்கிறது.

‘இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?’ என்று கேட்டுவிடலாம். ஆனால் அந்த வயதில் உடலுக்குள் நடப்பதைப் பார்த்தால், இந்தத் தொழிலில் எதைத் தொடரலாம், எதை இன்றே விட வேண்டும் என்பதுதான் உருப்படியான கேள்வி என்று தோன்றுகிறது.

தசையிலிருந்து தொடங்குவோம். முப்பதைத் தாண்டியதும் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாக. எல்லா இழைகளும் ஒரே அளவில் குறைவதில்லை. தசையில் மெதுவாக இயங்கி நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் இழைகளும் உண்டு, சட்டென்று சுருங்கி விசை தரும் வேக இழைகளும் உண்டு. முதுமை முதலில் கைவைப்பது வேக இழைகளில்தான். முதுகுத்தண்டிலிருந்து அவற்றை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக இறக்கின்றன. பார்க்க ஆளில்லாமல் போன வயலுக்குப் பக்கத்து வயல்காரர் சேர்த்துத் தண்ணீர் பாய்ச்சுவது போல, அருகிலுள்ள மெதுவான நரம்பு ஒரு கிளை நீட்டி, அநாதையான இழைகளைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. இழை பிழைத்துக்கொள்கிறது, ஆனால் இனி அது மெதுவான இழை. கிளை வந்து சேராதவை சுருங்கி மறைந்துவிடுகின்றன.

65 முதல் 89 வயது வரையானவர்களைச் சோதித்து, 1994இல் பிரிட்டனில் ஓர் ஆய்வு வெளியானது. தசையின் பலம் ஆண்டுக்கு 1 முதல் 2 சதவீதம் குறைவதாகவும், பலத்தை வேகமாக வெளிப்படுத்தும் கால்களின் திறன் ஆண்டுக்குச் சுமார் 3.5 சதவீதம் குறைவதாகவும் அதில் தெரிந்தது. இந்த வித்தியாசம்தான் கண்ணாடி துடைப்பவரை ஏமாற்றுகிறது. வைப்பரை மேலிருந்து கீழே ஒரே சீராக இழுக்க வேகம் வேண்டாம். பழகிய கை போதும். முப்பது வருடக் கைப்பழக்கம் மூளையில் அப்படியே இருக்கிறது. வாளியைத் தூக்கும் பலமும் பெரிதாகக் குறையவில்லை. ஆகவே ‘நான் முன்ன மாதிரியேதான் இருக்கேன்’ என்று அவர் சொல்வது பொய்யில்லை. காணாமல் போனது எது என்று தெரிவது, ஏணி வழுக்கும் அந்த ஒரு நொடியில்தான்.

உடம்பு சாயும்போது திருத்திக்கொள்ளக் கிடைப்பது சுமார் 0.2 வினாடி. தசை தன் முழு விசையை எட்டவோ 0.3 வினாடிக்கு மேல் ஆகும். எவ்வளவு பலம் இருக்கிறது என்பதைவிட, அந்தச் சிறு இடைவெளியில் எவ்வளவு எழும்புகிறது என்பதே விழுவதா, நிற்பதா என்று தீர்மானிக்கிறது.

சாய்கிறோம் என்ற செய்தியும் தாமதமாகத்தான் வருகிறது. உள்காது, கண், பாதம் ஆகிய மூன்றும் சேர்ந்து சொல்வதே நமக்குச் சமநிலை. உள்காதில் தலையின் அசைவை உணரும் மயிர்ச்செல்கள் வயதோடு குறைகின்றன. ஏணியில் நின்று தலையை அண்ணாந்தால், அந்த உறுப்பு பழகாத ஒரு கோணத்துக்குப் போய்விடுகிறது. மேலே வெறும் கண்ணாடியும் வானமும் என்பதால் கண்ணுக்கும் பிடிமானம் இல்லை. மிச்சம் பாதம் மட்டும். நீரிழிவு நரம்பைத் தின்ற பாதம் என்றால் அதுவும் கணக்கில் இல்லை. மேலே தூரத்துக்கும் கீழே படிப்பதற்குமாக இரண்டு பகுதி உள்ள மூக்குக்கண்ணாடி (பைஃபோகல்) போட்டவருக்கு இன்னொரு சிக்கல்: இறங்கும்போது கீழே பார்த்தால் படிக்கும் பகுதி வழியாகத்தான் பார்க்கிறார், ஏணிப் படி மங்கலாகத் தெரிகிறது. சில ரத்த அழுத்த மாத்திரைகளால் குனிந்து நிமிர்ந்தவுடன் தலை கிறுகிறுக்கும். மாத்திரை எழுதும் மருத்துவரிடம் ‘நான் ஏணி ஏறுகிறவன்’ என்று சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் வெயில். அக்னி நட்சத்திர நாட்களில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது உடலிலிருந்து சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துப் போகிறது. வயதானவரின் வியர்வைச் சுரப்பிகள் குறைவாகச் சுரக்கின்றன, தோலுக்கு வரும் ரத்த ஓட்டமும் குறைகிறது, தாகமும் தாமதமாகவே எடுக்கிறது. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல், மணி பார்த்துக் குடிப்பதுதான் சரி. நல்லவேளையாக, கண்ணாடிக்கும் வெயில் ஆகாது. சூடான கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் இழுப்பதற்குள் காய்ந்து திட்டுத்திட்டாக நிற்கும். காலையில் மேற்குப் பார்த்த முகப்பு, பிற்பகலில் கிழக்குப் பார்த்தது என்று நிழலோடு நகர்ந்தால் கண்ணாடியும் பளிச்சென்று வரும், உடம்பும் தப்பும்.

உயரத்துக்கு என்ன வழி? நீளக் கழி. தரையில் நின்றபடியே, நுனியில் பிரஷும் தண்ணீர்க் குழாயும் உள்ள கழியால் தேய்த்து அலசிவிட்டு, துடைக்காமல் அப்படியே காயவிடும் முறை பல நாடுகளில் ஏணியின் இடத்தைப் பிடித்துவிட்டது. இதற்குத் தண்ணீரில் உப்பே இருக்கக் கூடாது. நம் ஊர் போர்வெல் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் ஏராளம். தண்ணீர் ஆவியாகும், உப்பு வெள்ளைப் புள்ளியாகக் கண்ணாடியிலேயே தங்கிவிடும். உப்பை முழுதாக நீக்கும் பிசின் (ரெசின்) வடிகட்டிகள் இருக்கின்றன, விலைதான் அதிகம். ஆர்.ஓ. கேன் தண்ணீரில் உப்பு குறைவு, பூஜ்யமில்லை. நான் யோசிக்கும் இன்னொரு வழி, லாட்ஜ்களில் வரிசையாகச் சொட்டி வீணாகும் ஏ.சி. தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து உண்டானது என்பதால் அதில் கரைந்த உப்பு மிகக் குறைவு. தூசியை வடிகட்டி, கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் ஒரு முறை பார்த்துவிட்டு, கடைசி அலசலுக்குப் பயன்படுத்திப் பார்க்கலாம். லாட்ஜ் உரிமையாளர்கள் ஒரு டிரம் வைத்துப் பிடித்துக் கொடுத்தாலே பெரிய உதவி.

கழியிலும் தோளைக் கவனிக்க வேண்டும். கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது, தோள்பட்டை எலும்புக்கும் கை எலும்பின் தலைக்கும் நடுவிலுள்ள குறுகிய இடத்தில் ஒரு தசைநாண் நெருக்கப்படுகிறது. வயதானால் அது நைந்துபோகும். கைகளை மார்பு மட்டத்தில் வைத்துக் கால்களால் முன்னும் பின்னும் நகர்ந்தால் பாரம் குறையும்.

இழந்த பலத்தில் கொஞ்சம் திரும்பவும் வரும். 1990இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், 86 முதல் 96 வயது வரையான பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. அறுபத்தைந்துகாரர் வீட்டிலேயே நாற்காலியிலிருந்து சட்டென்று எழுந்து மெதுவாக உட்கார்ந்து பழகலாம், சுவரோரம் ஒற்றைக் காலில் நிற்கலாம். மிஞ்சிய வேக இழைகளுக்கு இது வேலை கொடுக்கும். சாப்பாட்டில் சுண்டல், பயறு, முட்டை ஏதாவது ஒன்று தினமும் இருந்தால்தான் தசை கட்டும்; வயதான தசைக்கு இளைஞரைவிடப் புரதம் கூடுதலாக வேண்டும். ஆனால் உள்காதில் போன மயிர்ச்செல்கள் மனிதருக்குப் பெரும்பாலும் திரும்ப முளைப்பதில்லை. கால் நன்றாகத் தேறியவரும் ஏணியை இளையவர் யாருக்காவது கொடுத்துவிட்டு, கழியும் வைப்பருமாகத் தரையிலிருந்தே தொழிலைத் தொடரட்டும்.