கீரிக்கும் நீர்ப்பிரமிக்கும் ஒரே வேர்

பாம்பு, பல்லி, தவளை ஆகியவற்றை ஆராயும் துறை ஹெர்பெட்டாலஜி. பழைய கிரேக்கத்தில் 'ஹெர்போ' என்றால் ஊர்தல்; 'ஹெர்பெட்டோன்' என்றால் ஊரும் பிராணி.

கேட்க அந்நியமாக இருக்கிறதா? முதலில் வரும் 'ஹ'வை எடுத்துவிட்டு 'ச' போட்டுப் பாருங்கள். சர்ப்பம் எட்டிப் பார்க்கும். கிரேக்கம், சமஸ்கிருதம், லத்தீன் மூன்றும் கிளைத்த இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் சொல்லின் தொடக்கத்தில், உயிரொலிக்கு முன்னால் நின்ற 'ஸ்', கிரேக்கத்தில் 'ஹ்' என்று தேய்ந்துவிட்டது. சமஸ்கிருதமும் லத்தீனும் அதைக் காப்பாற்றி வைத்தன. ஏழு என்ற எண்ணிலும் இதே கதைதான்: சமஸ்கிருதத்தில் சப்த, லத்தீனில் செப்தெம், கிரேக்கத்தில் ஹெப்தா. ஆக, சர்ப்பமும் லத்தீனில் பாம்பைக் குறிக்கும் செர்பென்ஸும் ஹெர்பெட்டோனும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

சரி, பாம்புக்கு இந்த வேர் பொருந்தும். பாம்பைக் கொல்லும் கீரிக்கு? ஜெர்மானிய விலங்கியலாளர் இல்லிகர் 1811இல் கீரிப் பேரினத்துக்கு வைத்த பெயர் ஹெர்பெஸ்டெஸ், அதாவது ஊர்வது. குட்டைக் கால்களோடு தரையை ஒட்டிப் பதுங்கிப் போகும் கீரியைப் பார்த்தவர்களுக்கு இது மிகச் சரியான பெயராகத் தோன்றும். நம் ஊர்ச் சாம்பல் கீரியும் நெடுங்காலம் இந்தப் பேரினத்தில்தான் இருந்தது. மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு ஆசியக் கீரிகளை உர்வா என்ற பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது நீர்ப்பிரமியின் பெயர்தான். வாய்க்கால் ஓரச் சேற்றில் படுத்தபடியே வளரும் இந்த மூலிகைச் செடி, கணுவுக்குக் கணு வேர்விட்டு அடுத்த அடியைப் பிடித்துக்கொள்ளும். ஒரு துண்டு அறுந்தாலும் கணுவில் வேர் இருப்பதால் தனிச் செடியாகிவிடும். செடியின் 'ஊர்தல்' என்பது இதுதான். அதன் பழைய அறிவியல் பெயர் ஹெர்பெஸ்டிஸ் மோன்னியேரா. கீரியின் பெயருக்கும் இதற்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆனாலும் குழப்பம் இல்லை; தாவரப் பெயர்களுக்கும் விலங்குப் பெயர்களுக்கும் தனித்தனி விதித்தொகுப்புகள் உண்டு. எழுத்துக்கு எழுத்து ஒரே பெயராக இருந்தாலும்கூட, ஒன்று செடிக்கும் மற்றொன்று பிராணிக்கும் செல்லும்.

இப்போது நீர்ப்பிரமியின் பெயர் பகோபா மோன்னியேரி. பழைய மூலிகை நூல்களில் ஹெர்பெஸ்டிஸ் மோன்னியேரா என்று கண்டால், இந்தச் செடியைத்தான் சொல்கிறார்கள்.