அருவி முன்னால் ஆல்பம் எடுக்கப் போகிறவர்களுக்கு

கும்பகோணத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் கல்யாண ஆல்பம் என்றால் மண்டபம், கோயில், மகாமகக் குளக்கரை, அதோடு சரி. இப்போது புக்கிங் பேச வரும்போதே மாப்பிள்ளை செல்போனை நீட்டுகிறார்: "அண்ணே, இந்த மாதிரி அருவி முன்னாடி வேணும்."

டெல்டாவில் அருவிக்கு எங்கே போவது? கல்லணையில் மதகு வழியாகத் தண்ணீர் இறங்குவதுதான் எங்களுக்குத் தெரிந்த அருவி. அதனால் விடிவதற்குள் வண்டி திருச்சியைத் தாண்டி ஒகேனக்கல்லுக்கோ கொல்லிமலைக்கோ போய்க்கொண்டிருக்கும்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் பயம் கிடையாது. அரசலாற்றிலும் குடமுருட்டியிலும் குதித்து வளர்ந்தவர்கள். எனக்குக் கவலையே அதுதான். டெல்டாவில் தண்ணீர் தேதி சொல்லிவிட்டு வரும். ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தால் கல்லணைக்கு வந்து சேரச் சில நாளாகும். அதற்குள் எத்தனை கன அடி என்று டீக்கடை வரை பேசி முடித்திருப்பார்கள். மலையில் அந்த அவகாசம் இல்லை. மேலே காட்டுக்குள் எங்கோ கொட்டிய மழை, கீழே நாம் வெயிலில் நின்று போஸ் கொடுக்கும்போது வந்து இறங்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அப்படித்தான் திடீர் வெள்ளம் வந்தது. 17 வயதுப் பையன் ஒருவன் அதில் போய்விட்டான்.

தண்ணீர் ஏறுவதற்கு முன் சில அடையாளங்கள் தெரியலாம். தெளிவாக ஓடியது கலங்கும். சருகும் குச்சியும் மிதந்து வரும். இரைச்சல் கனக்கும். கேமராவில் கண்ணை வைத்திருப்பவனுக்கு இதில் எதுவும் படாது. முகத்துக்கு வெளிச்சம் திருப்ப ரிஃப்ளெக்டர் தட்டு பிடிக்கிற தம்பியும் பெண்ணின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். ஆகவே வேறு வேலை எதுவும் கொடுக்காமல், மேல்பக்கத்தை மட்டும் பார்க்க ஒரு ஆளை நிறுத்துங்கள். அவர் கத்தினால் டிரைபாடை அப்படியே போட்டுவிட்டு ஏற வேண்டும். அடையாளமே தெரியாமல் வந்த வெள்ளமும் உண்டு என்பதால், மலையில் மழை என்று தெரிந்தால் நாங்கள் பாறைப் பக்கம் இறங்குவதே இல்லை.

அப்புறம், எங்கள் தொழில் செய்யும் ஒரு வேலையைச் சொல்லியாக வேண்டும். அருவிப் படத்தில் தண்ணீர் பால் ஊற்றினாற்போல வழவழவென்று தெரிகிறதே, அது கண்ணுக்குத் தெரியும் காட்சி இல்லை. டிரைபாடில் கேமராவை நிறுத்தி, லென்ஸ் முன்னால் வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டரை மாட்டி, ஷட்டரைக் கால் விநாடி முதல் ஒரு விநாடி வரை திறந்து வைத்தால் வேகமெல்லாம் கரைந்து அப்படி ஆகிவிடும். அதே இடத்தை 1/1000 விநாடியில் எடுத்துப் பாருங்கள்: தண்ணீர் சிதறிப் பாறையில் மோதுவது துளித்துளியாகத் தெரியும். ஆல்பத்தில் போவது முதல் படம்தான். அதைப் பார்த்துவிட்டு அடுத்த ஜோடி அதே பாறையைக் கேட்கிறது.

அருவி விழும் இடத்தில் தண்ணீரோடு காற்றும் கலந்து நுரையாகக் கொதிக்கும். அந்தத் தண்ணீர் ஆளை அவ்வளவாகத் தூக்காது; ஆற்றில் மிதப்பதுபோல் அங்கே மிதக்க முடியாது. கூடவே உள்ளே இழுக்கும் சுழலும் இருக்கும். மதகுக்குக் கீழே குளிக்காதே என்று நம் ஊரில் பெரியவர்கள் விரட்டுவதும் இதற்காகத்தான். பட்டுச் சேலை, லெஹங்கா எல்லாம் நனைந்தால் காலைச் சுற்றிக்கொள்ளும். பாசி படிந்த பாறையில் நனைந்த சேலையோடு ஒரு அடி பின்னால் வைக்கச் சொல்வதற்குக்கூட எனக்கு மனம் வராது.

நல்ல படத்துக்கு இவ்வளவு கிட்டே போகவே தேவையில்லை. ஜோடியை அருவியிலிருந்து தள்ளி, காய்ந்த, சமமான இடத்தில் நிறுத்துங்கள். நீங்கள் இன்னும் பின்னால் போய், தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் 70-200 ஜூம் லென்ஸை 200-ல் வைத்து எடுங்கள். அருவி அவர்கள் தோளுக்குப் பின்னாலேயே பிரம்மாண்டமாக எழுந்து நிற்கும். அகலமாகக் காட்டும் வைட் லென்ஸோடு கிட்டே போனால்தான் அருவி சிறுத்துப்போகும், லென்ஸிலும் சாரல் அடிக்கும். மேகமூட்டமான நாளாக இருந்தால் இன்னும் நல்லது. வெயிலில் தண்ணீர் வெளுத்துப்போகும், இல்லாவிட்டால் முகம் கறுத்துப்போகும். போலரைசர் என்ற ஃபில்டரை மாட்டினால் ஈரப் பாறையிலும் இலையிலும் உள்ள பளபளப்பு அடங்கிப் பச்சை எழும்பும்.

கொல்லிமலை ஆகாய கங்கை அருவி சுமார் 300 அடி உயரம். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி இறங்க வேண்டும். இறங்குவது சுலபம், நகையும் மேக்கப் பெட்டியுமாக ஏறுவதுதான் பாடு. சாரலில் படி வழுக்கும், ஹீல்ஸ் வேண்டவே வேண்டாம். பெண்ணுக்கு ரப்பர் செருப்பு போட்டு அழைத்துப் போங்கள், படத்தில் கால் தெரியப்போவதில்லை. கேமராப் பையை மூடாமல் வைத்தால் குரங்கு பார்த்துக்கொள்ளும். டிரோன் பறக்கவிட நினைத்தால் வனத்துறையிடம் முதலில் கேளுங்கள். சரணாலயத்துக்குள் படம் எடுக்கவே அனுமதி தேவைப்படலாம். 1972 வனவிலங்குச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது.

தண்ணீர் அதிகமானால் வனத்துறை கேட்டை மூடிவிடும், ஒகேனக்கல்லில் பரிசலை நிறுத்திவிடுவார்கள். "இவ்வளவு தூரம் வந்துட்டோம், அஞ்சு நிமிஷம் விடுங்க சார்" என்று கேட்டில் நின்று கெஞ்சாத வீட்டுக்காரர் அபூர்வம். அதனால் புக்கிங் தாளிலேயே எழுதி வாங்கிக்கொள்கிறேன்: அருவி மூடியிருந்தால் அன்றைய ஷூட் ரத்து, வண்டிச் செலவு உங்களுடையது, என் கூலி வேண்டாம், வேறொரு நாள் திருவையாறு படித்துறையிலோ நடவு முடிந்த வயலிலோ எடுத்துத் தருகிறேன். இதைப் படித்ததும் சிலர் வேறு ஸ்டுடியோ பார்க்கப் போய்விடுகிறார்கள். போகட்டும்.